வெயில் காயாத உடும்பு

முயலும் உடும்பும் ஆற்றோரப் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆறு நாள் நடந்தாயிற்று. இன்னும் ஒரு நாள் நடை பாக்கி.

முயலின் பெயர் வெடுக்கன். எதைக் கேட்டாலும் வெடுக்கென்று பதில் சொல்வான். அதனால் அந்தப் பெயர். உடும்பின் பெயர் கட்டையன். அசையாமல் கிடந்தால் விறகுக்கட்டை மாதிரியே இருப்பான். அதனால் அந்தப் பெயர். மலையடிவாரக் கரட்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. வெடுக்கனுக்கு ஒரு சூரைப்புதர். அதை ஒட்டியிருந்த புற்று கட்டையனுக்கு.

கோடையில் கரட்டில் தீப்பிடித்தது. புதர் போயிற்று. புல் போயிற்று. பூச்சி, புழு, காடை முட்டை எல்லாம் போயிற்று. ஆற்றோடு ஏழு நாள் இறங்கி நடந்தால் ஒரு திட்டு வரும், சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஆள் மறையும் புல், நரி வராது, நாய் வராது என்று கேள்வி. இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

கிளம்பும்போதே பேசி முடித்தாயிற்று.

"எனக்குக் காது இருக்கு. எது வந்தாலும் நான் முதல்ல கேட்டுடுவேன்" என்றான் வெடுக்கன்.

"எனக்கு நகம் இருக்கு. ஓடை குறுக்கிட்டா நான் பாறையைப் பிடிச்சுக்கறேன். நீ என் வாலைப் பிடிச்சுக்கோ" என்றான் கட்டையன்.

"சேர்ந்து போறோம். சேர்ந்து திட்டுல ஏறறோம்!"

"சரி."

அவ்வளவுதான். கட்டையன் அதிகம் பேசமாட்டான்.

வழியில் சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தொல்லை. அதுவும் காலையில்தான்.

வெடுக்கனுக்கு விடியுமுன் விழிப்பு வந்துவிடும். பனி இறங்கிய புல்லை நாலு கடி கடிப்பான். காதை உதறுவான். உடனே நடக்க வேண்டும். கட்டையனோ அசையமாட்டான். உடும்பின் உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெயிலில் கிடந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். வெயில் ஏறி, கல் சுட்டு, முதுகுச் செதில் காய்ந்த பிறகுதான் அவனுக்குக் கால் வரும். வந்துவிட்டால் போதும், ஓட்டத்தில் வெடுக்கனுக்கே மூச்சு வாங்கும். ஆனால் வர வேண்டுமே!

வெடுக்கன் குதிப்பான். உட்காருவான். எழுந்து இருபது தாவல் முன்னே போவான். திரும்பி வருவான்.

"ஆச்சா?"

"இன்னும் கொஞ்சம்."

"ஆச்சாடா?"

"முதுகு ஆச்சு. வயிறு ஆகலை."

"உன் வயிறு காயறதுக்குள்ள எனக்குத் தாடி நரைச்சுடும்!"

இப்படியே ஆறு காலை. வெடுக்கன் ஒவ்வொன்றையும் மனசில் வைத்துக்கொண்டே வந்தான். நடுப்பகலில் அவன் ஏதாவது நிழல் பார்த்துக் கொஞ்சம் கண்ணயர்வான். வெயில் சாய்ந்ததும் எழுந்து நடப்பான். அதெல்லாம் ஒரு கணக்கா? முயல் என்றால் வெயில் நேரத்தில் படுக்கத்தானே வேண்டும்!

ஆறாம் நாள் பொழுது சாய்கிற நேரம். மணல்மேட்டில் நின்றிருந்த ஆட்காட்டிக் குருவி ஒன்று இவர்களைப் பார்த்ததும் கத்தத் தொடங்கியது. ஆட்காட்டி யாரைப் பார்த்தாலும் கத்தும். அதன் பிழைப்பு அது.

"மேற்கே பாரு! மேற்கே பாரு! மலை கறுத்துக் கிடக்கு! புது வெள்ளம் வருது! வெள்ளம் வருது!"

வெடுக்கன் நின்றுவிட்டான். திட்டுக்குப் போகக் கடைசியில் ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டும். வெள்ளம் வந்துவிட்டால் மழைக்காலம் முழுக்கக் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். கரையில் நரி உண்டு.

"கேட்டியாடா கட்டையா! வெள்ளம் வருதாம்!"

"எப்போ வருதாம்?"

"வருதுன்னா வருது! அதுல என்ன எப்போ?"

"கேட்டு வையேன்."

வெடுக்கன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை. ஆட்காட்டி அதற்குள் இன்னொரு திசையில் பறந்து, ஒரு எருமையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் இன்னும் முழுசாக விடியவில்லை. கிழக்கு வெளுக்கிற நேரம்தான். வானம் முழுக்க மேகம். ஆற்றின் மேல் பனி புகையாக நின்றது. வெடுக்கன் கட்டையனின் முதுகில் பின்னங்காலால் ஒரு உதை விட்டான்.

"எழுந்திரு!"

கட்டையன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"வெயில் வரட்டும்."

"இன்னிக்கு வெயில் வராது. மேலே பாரு! வெயில் வரும்னு நீ படுத்திருப்பே, வெள்ளம் வந்துடும். எழுந்திருடா!"

"உடம்பு வரலைடா வெடுக்கா. சும்மா சொல்லலை. காலை அசைச்சா கால் கேட்கலை."

"கால் கேட்கலையா, உனக்கு மனசு இல்லையா?"

கட்டையன் திறந்த கண்ணை மூடிக்கொண்டான்.

வெடுக்கனுக்கு ஆறு நாள் கோபமும் ஒன்றாக மூக்குக்கு வந்தது.

"ஆறு காலை உனக்காக உட்கார்ந்தேன்! கால் மரத்துப் போற வரைக்கும் உட்கார்ந்தேன்! ஒரு நாளாவது கிளம்பிப் போனேனா? இன்னிக்கு ஒரே ஒரு நாள் எனக்காக நடக்கச் சொல்றேன். அது முடியாதா உனக்கு? நீயெல்லாம் ஒரு கூட்டாளி!"

கட்டையன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தான். நாக்கு ஒரு தரம் வெளியே வந்து உள்ளே போயிற்று. வாயை மூடிக்கொண்டான். முன்னங்காலை ஊன்றினான். இரண்டு தரம் சறுக்கியது. மூன்றாம் தரம் எழுந்துவிட்டான்.

"போலாம்" என்றான்.

"பாத்தியா! முடியுது இல்ல?" என்றான் வெடுக்கன்.

பாதை நாணலுக்கும் மருத மரங்களுக்கும் நடுவில் ஓடியது. மான்கள் தண்ணீருக்கு இறங்கி இறங்கித் தேய்ந்த பாதை. ஈர மணலில் வெடுக்கனின் தடம் விட்டு விட்டுப் பதிந்தது. கட்டையனின் வால் மட்டும் கோடு இழுத்தபடி வந்தது. வெயில் நாட்களில் அவன் வாலைத் தூக்கிக்கொண்டு நடப்பவன். இன்று தூக்க முடியவில்லை. பத்தடி நடப்பான், நிற்பான். பத்தடி நடப்பான், நிற்பான்.

வெடுக்கன் முன்னே போய்ப் போய்த் திரும்பிப் பார்த்தான்.

"வா! வா! வேர் பிடிச்சுடப் போறே!"

"வரேன்."

"இப்படி வந்தா அடுத்த வருஷ வெள்ளத்துக்குத்தான் போய்ச் சேருவோம்!"

"வரேன்டா."

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. நீர்நாய். இவர்கள் கரையில் நடக்க, அதுவும் நாலைந்து நாளாக ஆற்றோடு கீழே போய்க்கொண்டிருந்தது. வாயில் பாதி மீன்.

"என்ன முயல் அண்ணே, இத்தனை விடியல்ல? உடும்பு அண்ணனை வெயில் காய விடலையா?"

"வெயில் எங்கே இருக்கு? உன் வாய்க்குள்ளயா?"

"இல்லாட்டி வர்ற வரைக்கும் இருங்களேன். பாவம், காலை இழுத்து இழுத்து வர்றாரு. நேத்து மத்தியானம்கூட நான் பார்த்தேன், இவரு..."

"எனக்குக் கதை கேட்க நேரமில்லை தங்கச்சி! உன் மீனைப் பாரு!"

"அட, சொல்ல வர்றதைக் கேளுங்கண்ணே!"

"வெள்ளம் வருது! தெரியுமா உனக்கு? வெள்ளம்!"

நீர்நாய் கட்டையனைப் பார்த்தது. கட்டையன் தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம் என்பது போல. நீர்நாய் மீனைக் கவ்விக்கொண்டு முங்கிவிட்டது.

கொஞ்ச தூரத்தில் மரம் முடிந்தது. நாணல் முடிந்தது. பாதை ஒரு பெரிய வழுக்குப் பாறையில் ஏறியது. இருநூறு தாவல் அகலம் இருக்கும். ஒரு செடி கிடையாது. ஒரு பொந்து கிடையாது. அந்தப் பக்கம் ஓரத்தில்தான் பாறை பிளந்து, உள்ளே ஒளிந்துகொள்ளத் தோதாக ஒரு இடுக்கு, அதன்மேல் ஒரு காரைமுள் புதர்.

கட்டையன் நின்றான். வானத்தைப் பார்த்தான்.

"வெடுக்கா, இங்கே மட்டும் கொஞ்சம் இரு. மேகம் கலையற மாதிரி இருக்கு. பாறை சீக்கிரம் சூடாகும். முதுகு காஞ்சதும் ஒரே ஓட்டமா அந்தப் பக்கம் போயிடறேன்."

ஆறு நாளில் அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். வெடுக்கன் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

"பாறையைத் தாண்டிப் படு! எவ்வளவு நேரம் வேணா படு! வாய் பேசற நேரத்துல பாதி தாண்டியிருக்கலாம்!"

சொல்லிவிட்டு வெடுக்கன் பாய்ந்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் பாறையின் அந்த ஓரம் போய்ச் சேர்ந்தான். அப்புறம்தான் திரும்பினான்.

கட்டையன் பாறையில் கால்வாசிகூட வரவில்லை. சாம்பல் பாறைமேல் சாம்பல் உடும்பு. அசையாமல் கிடந்தால் யார் கண்ணிலும் படமாட்டான். நடந்தால் படுவான்.

"வா! வா! வாடா சோம்பேறி!" வெடுக்கன் தொண்டை கிழியக் கத்தினான். "வா! வா! நிக்காதே!"

கட்டையன் வந்தான்.

அக்கரை மருதமரத்தின் உச்சியில் ஒரு கழுகு இருந்தது. சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பியது.

சிறகு விரிந்ததை முதலில் கேட்டது வெடுக்கனின் காதுதான். காது சரியாகத்தான் வேலை செய்தது. "ஓடுடா!" என்றான். அதற்குள் அவன் கால் அவனைக் காரைமுள் புதருக்குள் கொண்டுபோய்விட்டது. முள் இடுக்கு வழியாகப் பார்த்தான்.

கட்டையன் ஓடத்தான் பார்த்தான். ஒரு கால் முன்னே வந்தது. இன்னொரு கால் வந்தது. முதுகு மட்டும் காய்ந்திருந்தால், கழுகு மரத்தை விடுவதற்குள் அவன் இடுக்குக்குள் போய்ப் பாறையோடு பாறையாக ஒட்டியிருப்பான். பத்துக் கழுகு வந்தாலும் பிடுங்க முடியாது.

நிழல் பாறைமேல் ஓடி வந்தது. அவன்மேல் நின்றது. அப்புறம் எழும்பியது.

கட்டையன் கத்தவில்லை. உடும்புக்குக் கத்தத் தெரியாது.

வெடுக்கன் புதருக்குள்ளேயே கிடந்தான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது. முதுகில் சுள்ளென்று பட்டபோதுதான் தலையைத் தூக்கினான். மேகம் கலைந்து வெயில் வந்துவிட்டது. வெளியே வந்து பாறையில் காலை வைத்தான். கல் சூடேறிவிட்டிருந்தது. கொஞ்ச நேரம்தான் கேட்டான் கட்டையன். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மேல் இவன் புதரில் படுத்துக் கிடந்திருக்கிறான்.

"கட்டையா" என்று கூப்பிட்டுப் பார்த்தான். அசட்டுத்தனம்தான். கூப்பிட்டான்.

வேறு என்ன செய்வது? நடந்தான்.

நடுப்பகல் வந்தது. முயலுக்கு வெயில் தாங்காது. ஒரு புன்னை மரத்தடியில் போய் விழுந்தான். தூக்கம் வரவில்லை. எதிரே மணலைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். தண்ணீர் சலசலத்தது. நீர்நாய் கரையேறி வந்தது.

"முயல் அண்ணே, தனியா கிடக்கறீங்க? உடும்பு அண்ணன் எங்கே? முன்னாடி போயிட்டாரா?"

வெடுக்கன் சொன்னான். பாறை. கழுகு. இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

நீர்நாய் மணலில் உட்கார்ந்துவிட்டது.

"காலையிலே என்னவோ சொல்ல வந்தியே" என்றான் வெடுக்கன்.

"இனிமே அது எதுக்கு அண்ணே?"

"சொல்லு."

"சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"சொல்லுன்னா சொல்லு!"

நீர்நாய் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

"தினமும் மத்தியானம் நீங்க நிழல்ல படுத்துத் தூங்குவீங்க. அவரு வெயில்லயே உட்கார்ந்திருப்பாரு. நான் தண்ணியில இருந்து பார்த்துட்டே போவேன். நேத்துக் கேட்டேன், 'என்ன அண்ணே, உங்க உடம்புக்கு இப்பத்தானே நல்லா நடை வரும், ஏன் குந்தியிருக்கீங்க'ன்னு. 'ஆமா, இப்ப நடந்தா சாயங்காலத்துக்குள்ள ரெண்டு நாள் வழி போயிடுவேன். ஆனா என் கூட்டாளிக்கு வெயில் ஆகாது'ன்னாரு."

வெடுக்கன் எழுந்து உட்கார்ந்தான்.

"'அப்ப அவரை எழுப்பி விட வேண்டியதுதானே'ன்னேன். 'தூங்கட்டும், காலையில என்னால அவன் பொழுது கெட்டுப் போச்சு'ன்னாரு. அப்புறம் மேலே மானத்தைப் பார்த்தாரு. நீங்க தூங்கற நேரம் முழுக்க மானத்தையேதான் பார்த்துட்டு இருப்பாரு, கழுகு வருதா பருந்து வருதான்னு."

"என்கிட்ட ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே!"

"நீங்க கேட்டீங்களா?"

நீர்நாய் தண்ணீரில் இறங்கிப் போயிற்று.

வெடுக்கன் மணலில் நகத்தால் கீறினான். ஆறு காலை. ஆறு மத்தியானம். அவன் காத்திருந்தது இத்தனை நேரம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். காலையில் அதைத்தானே முகத்தில் எறிந்தான். கட்டையன் காத்திருந்தது எத்தனை நேரம்? தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்! நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற நேரம். வெடுக்கன் காத்திருந்ததைவிட அது இரண்டு பங்காவது இருக்கும். வாயைத் திறந்து, நாக்கை உள்ளே இழுத்து மூடிக்கொண்டானே, அப்போது கட்டையன் சொல்ல வந்தது இதுதானா? சொல்லியிருக்கலாமே, பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்போமா என்று நினைத்துப் பார்த்தான். கேட்டிருக்கமாட்டான். அது அவனுக்கே தெரிந்தது.

வெயில் தாழுமுன்பே எழுந்து நடந்தான். காது சுட்டது. நடந்தான். பொழுதிருக்கவே துறை வந்துவிட்டது. ஆற்றின் நடுவே திட்டு தெரிந்தது. சொன்னது பொய்யில்லை. பச்சைப் புல் காற்றில் அலையடித்தது.

கரையில் ஒரு ஆட்காட்டி நின்று கத்திக்கொண்டிருந்தது. நேற்றையதேதான்.

"வெள்ளம் வருது! வெள்ளம் வருது!"

"எப்போ வருது?" என்றான் வெடுக்கன்.

ஆட்காட்டி கத்துவதை நிறுத்திவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்தது.

"எப்போவா? மலையில இன்னிக்குப் பெஞ்சா இங்கே வர நாலு நாள் ஆகும். கோடை பூரா காஞ்ச மணல் ஆச்சே! முதல் தண்ணியைக் குடிச்சுட்டுத்தான் மிச்சத்தை விடும்."

"நேத்தே இதைச் சொல்லக் கூடாதா!"

"நீ கேட்கலையே! அந்த எருமை கேட்டுச்சு, சொன்னேன். அது இன்னும் மேலேயே மேஞ்சுட்டு இருக்கு."

வெடுக்கன் ஆற்றில் இறங்கினான். இழுப்பு பலமாக இருக்கும், பிடித்துக்கொள்ள வால் வேண்டும் என்று ஏழு நாளாக நினைத்திருந்தான். தண்ணீர் வயிற்றைக்கூட நனைக்கவில்லை. ஒரு எலி நடந்து தாண்டலாம்.

திட்டில் ஏறியதும் புல்லுக்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு முயல்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டன.

"எங்கேருந்து வர்றே?"

"மலைக் கரட்டிலேருந்து."

"அடேயப்பா! ஏழு நாள் வழியாச்சே! எத்தனை நாள்ல வந்தே?"

"ஏழு நாள் முடியலை."

"முடியறதுக்குள்ள வந்துட்டானாம்! பொழுதுகூடச் சாயலை! பார்த்தீங்களா இவன் காலை!" என்றது ஒரு கிழட்டு முயல். "இந்த மாதிரி ஒரு நடையை நாங்க பார்த்ததே இல்லைடா அப்பா! வா, வா, மொதல்ல புல்லைக் கடி!"

எல்லாம் சேர்ந்து குதித்தன. ஒரு குட்டி அவன் காலைத் தொட்டுப் பார்த்தது. எதிரே புல் குலை குலையாகச் சாய்ந்து கிடந்தது. வெடுக்கன் ஒரு வாய் கடித்தான். மெல்ல முடியவில்லை. கடித்ததைக் கீழே போட்டுவிட்டு, ஆற்றுக்கு முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டான்.

கூட நடப்பவன் உன்னைக் காக்க வைத்த நேரத்தை மட்டும் நினைவில் வைக்காமல், அவன் வாய் திறக்காமல் உனக்காகக் காத்திருந்த நேரத்தையும் அவன் இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்.